கதைக்கு லோடு டெஸ்ட் வைத்தவர்

புதிதாக எந்தப் பொருள் வந்தாலும் அது எவ்வளவு எடை தாங்கும் என்று பார்க்காமல் அவர் வீட்டுக்குள் விடமாட்டார். துணிக்கடையில் இலவசமாகக் கொடுத்த பையில் நான்கு செங்கல்லை வைத்து, ஜன்னல் கம்பியில் மாட்டி, காலை முதல் மாலை வரை தொங்கவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அன்று சனிக்கிழமை. ஐந்து மணிக்குப் பையை இறக்கி, தையலை விரலால் தடவிப் பார்த்து, "காது ஒரு நூல் நீண்டுகீது. தக்காளிக்கு ஓகே, அரிசிக்கு வாணாம்" என்று தீர்ப்பு சொன்னார்.

துறைமுகத்தில் அவருடைய வேலையே அதுதான். சரக்கு தூக்கும் கொக்கி, சங்கிலி, கம்பிவடம் எல்லாவற்றையும் வேலைக்கு விடுவதற்கு முன், அவை தூக்கவேண்டியதைவிடக் கூடுதலான எடையைக் கட்டித் தொங்கவிடுவார்கள். கொஞ்ச நேரம் நிறுத்தி, இறக்கி, விரிசல் உண்டா, நீண்டிருக்கிறதா என்று பார்த்து முத்திரை அடிப்பார்கள். இதற்கு லோடு டெஸ்ட் என்று பெயர். முப்பது வருடத்துக்கும் மேல் அந்த முத்திரை அவர் கையில் இருந்தது. ஒருமுறை ஒரு தனியார் சரக்குக் கம்பெனி மேலாளர், கப்பல் காத்திருக்கிறது, ஒரே ஒரு கையெழுத்து என்று கெஞ்சியபோது, இவர் சந்தேகத்துக்குரிய வடத்தைச் சுருட்டி அதன்மேலேயே உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தாராம். மேலாளர் மூன்று தடவை வந்தார். மூன்றாம் தடவை அவருக்கும் ஒரு வாய் கருவாட்டுக் குழம்பு சோறு கிடைத்தது, கையெழுத்து கிடைக்கவில்லை. பொய்ச் சான்று ஒன்றுகூட எழுதாமல் அவர் ஓய்வு பெற்றார் என்பதை உடன் வேலை பார்த்தவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள், கொஞ்சம் எரிச்சலோடு.

ராயபுரத்தில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் அவரும் மாடியில் நானும் ஏழு வருடம் குடியிருந்தோம். எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. கிழமையும் நேரமும் தவறவிடமாட்டேன். அதனால் அவருடைய சோதனைகளுக்கு எழுத்தராக என்னை நியமித்துக்கொண்டார். நான் சம்மதம் சொன்னதாக எந்தக் குறிப்பும் என்னிடம் இல்லை.

அவருடைய மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை, பஜ்ஜி தட்டு வருவதற்கு முன்பே காசிமேட்டு மீன் ஏலத்துக்கு அழைத்துப்போய் ஒரு மணி நேரம் நெரிசலில் நிற்கவைத்தார். மாப்பிள்ளை சட்டையெல்லாம் செதிலோடு சிரித்துக்கொண்டே திரும்பினார். "பாஸு" என்றார் இவர். அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்றே விசாரித்தார்.

ஓய்வுக்குப் பிறகு என் அலமாரியிலிருந்து கதைப் புத்தகங்கள் எடுத்துப் போக ஆரம்பித்தார். நான் கொடுத்த ஒரு நாவலில் கதாநாயகியின் கண்ணீர்த் துளி பட்டுக் கடிதத்தில் ஒரே ஒரு சொல் அழிந்துபோகும். அவர் மைப்பேனா, பால்பாயின்ட் இரண்டிலும் எழுதி, கண் மருந்துக் குப்பியில் உப்புத் தண்ணீர் ஊற்றிச் சொட்டுவிட்டுப் பார்த்தார். மறுநாள் புத்தகம் திரும்பி வந்தது. "மைப்பேனான்னா மூணு வார்த்த போவுது. பால்பாயின்ட்னா ஒன்னுமே போவல. ஒரே வார்த்ததான் போவணும்னா அந்தப் பொண்ணு ரப்பர் வச்சி அழிச்சிகீது நைனா. அழுவல."

இப்படிப்பட்டவருக்குத்தான் மகள் கோயம்புத்தூரிலிருந்து தனிமையைப் பற்றிய ஒரு கதையைக் கூரியரில் அனுப்பிவைத்தாள்.

அவர் மனைவி காலமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. மகள் அங்கே கல்லூரி மாணவர்களுக்கான நோட்ஸ் போடும் பதிப்பகம் ஒன்றுக்கு எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வேலையெல்லாம் வீட்டிலிருந்துதான், வாரம் ஒருமுறை மட்டும் அச்சகத்துக்குப் போய்த் தாள்களை வாங்கிவர வேண்டும். கணவருக்கு வளைகுடாவில் வேலை, வருடத்துக்கு ஒருமுறை வருவார். அப்பா ராயபுரத்தில் தனியாக இருக்கிறார் என்பது அவளுக்கு உறுத்தலாக இருந்தது. வீட்டைக் காலி செய்துவிட்டு வாருங்கள் என்று அவள் சொல்வதும், இவர் பேச்சை மாற்றுவதும் வழக்கமாக நடந்தது. ஒருமுறை பத்து நாள் தங்கிப் பார்க்கிறேன் என்று போனவர் ஆறாம் நாளே திரும்பிவிட்டார். ஏன் என்று கேட்டேன். "மூணாவது மாடி. லிஃப்ட்டுல ஏறுனா ஒர்த்தன் ஒர்த்தன் மூஞ்சப் பாக்கமாட்டான். காலிங் பெல்லு அமுக்குனா உள்ளயே ஒட்டிக்கிது, அவ்ளோ நாளா யாரும் அமுக்கல. எண்ணெ வுட்டு சரி பண்ணிட்டு வந்தேன்" என்றார்.

பங்குனியில் மகள் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். கல்லூரிப் பாடத்தில் வருடக்கணக்காக இருக்கும் ஒரு பழைய சிறுகதை. அதன் கரு, களம், பாத்திரம், நோக்குநிலை, குறியீடு, முடிவு எல்லாவற்றுக்கும் அவளே நோட்ஸ் எழுதியிருந்தாள். கதையையும் நோட்ஸையும் சேர்த்து அனுப்பிவிட்டு, போனில் பந்தயம் கட்டினாள். கதையில் ஒரு குறை கண்டுபிடித்து நிரூபித்தால் இனி அழைக்கமாட்டேன், அங்கேயே இருக்கலாம். முடியவில்லை என்றால் வைகாசி பிறப்பதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"எழுத்துல ரிப்போர்ட் வேணுமா?" என்று கேட்டார் இவர். வேண்டும் என்றாள் மகள். என் தலையெழுத்து அங்கே நிச்சயமாயிற்று.

கதை இதுதான். மலையூர் ஒன்றின் ஓரத்தில் ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் தனியாக வசிக்கிறார். தினமும் காலையில் கதவைப் பூட்டுவதற்கு முன் காலி வீட்டைப் பார்த்து "போய்ட்டு வரேன்" என்று சொல்கிறார். முற்றத்தில் இரண்டு நாற்காலிகள், ஒன்றில் பதினோரு வருடமாக யாரும் உட்காரவில்லை. மாலையில் சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக் கடிகாரம் மணி அடிப்பது மட்டும் கேட்கும். ஒருநாள் அவர் "போய்ட்டு வரேன்" சொல்லாமலே வெளியே போகிறார். அவ்வளவுதான், கதை முடிந்துவிடுகிறது. நான் கல்லூரியில் படித்தபோது அழுத கதை. அவர் படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, "நல்லாத்தான் பண்ணிகீறான். தொங்கவுட்டுப் பாப்போம்" என்றார்.

முதல் சோதனை, உரையாடல். கதை முழுக்க ஒரே ஒரு வாக்கியம்தான் பேசப்படுகிறது, கேட்க ஆளில்லாத அந்த வாக்கியம்தான் கதையின் உயிர் என்று மகளின் நோட்ஸ் சொல்லியது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு இவர் வாசலில் நின்று, காலி வீட்டுக்குள் பார்த்து, "போய்ட்டு வரேன்" என்றார். எதிர்வீட்டில் இட்லிக் கடை போடும் அம்மா, கரண்டியை நிறுத்தாமலே, வரும்போது கொத்தமல்லி வாங்கிவரச் சொன்னார். செவ்வாய்க்கிழமை குரலைக் குறைத்துச் சொன்னார். நேற்று வாங்கிவந்த கொத்தமல்லி வாடல் என்று புகார் வந்தது. புதன்கிழமை உதட்டை மட்டும் அசைத்தார்.

"இன்னாண்ணே, வாய்க்குள்ளயே முணுமுணுக்கிற? ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா பத்து மணிக்கு மிளகு ரசம் கொடுத்தனுப்பினார். ரிப்போர்ட்டில் நான் எழுதியது: மூன்று முயற்சி, மூன்று பதில், ஒரு தூக்கு ரசம்.

இரண்டாம் சோதனை, குறியீடு. காலி நாற்காலி இழப்பின் குறியீடு என்றது நோட்ஸ். இவர் தன் நாற்காலிக்கு எதிரே மனைவி உட்காரும் நீலநிற பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். அதை இரண்டு கையாலும் தூக்கிவந்து மெதுவாக இறக்கினார். நான் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன். ஒன்பதரைக்குத் தண்ணீர் கேன் போடுபவர் மூச்சு வாங்க அதில் உட்கார்ந்தார். பதினொன்றுக்கு ஒரு பூனை. நாலு மணிக்குப் பின்தெருவில் காதுகுத்து என்று சொல்லி யாரோ நாற்காலியையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தது வேறு நாற்காலி. சிவப்பு. முதுகில் ஒரு பந்தல் கடையின் பெயர் இருந்தது.

"குறியீடு நல்ல குறியீடுதான்" என்றார் இவர். "ஆனா கேட்டா இரவல் குடுக்காத தெருவுலதான் அது நிக்கும். அத்த எழுதிக்கோ." பிறகு பின்தெருவுக்குப் போய், வீடு வீடாகத் தேடி, நீல நாற்காலியை மீட்டுக்கொண்டு வந்தார். அதை எழுத வேண்டாம் என்றார்.

மூன்றாவது, களம். சுவர் வழியாகக் கடிகாரம் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சுவரில் காதை வைத்தோம். கொருக்குப்பேட்டை யார்டிலிருந்து சரக்கு ரயில் ஊதியது. எண்ணூர் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. எல்லாம் அடங்கியதும் சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கணவன் மனைவி சண்டை தெளிவாகக் கேட்டது. மாமியாரை எந்த மகன் வீட்டில் எத்தனை மாதம் வைத்துக்கொள்வது என்பது விவகாரம். இவர் தெரியாமல் ஒருமுறை இருமிவிட்டார். சண்டை நின்றது. சுவர் பேசியது.

"அண்ணே, அங்கதான் கீறீங்களா? நீங்களே நியாயத்த சொல்லுங்க."

இவர் சொன்னார். ஆளுக்கு ஆறு மாதம். ஆறேமுக்காலுக்கு வழக்கு முடிந்தது. கடிகாரம் கடைசிவரை கேட்கவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் மாலை நாலு மணிக்கு மகள் கூப்பிடுவாள். போனை ஸ்பீக்கரில் போட்டு முற்றத்து மாடத்தில் வைப்பார், நான் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். நான் படிக்கப் படிக்க அவள் சிரித்துவிட்டு மறுப்பாள். "அப்பா, உங்க தெருவைத் தூக்கிட்டுப்போய் அந்த மலையில வச்சா எப்படி? களம்னா கதைக்குள்ள இருக்கிற இடம். உங்க வீட்டுச் சுவர் இல்ல." இவர் விடமாட்டார். கதை எல்லாருக்கும் பொது என்று நோட்ஸில் நீதானே எழுதியிருக்கிறாய், எல்லாரிலும் ராயபுரம் சேர்த்தியா இல்லையா என்பார். அவள் பதில் சொல்ல, இவர் திருப்ப, பேச்சு எங்கெங்கோ போகும். முதல் ஞாயிறு ஆறு நிமிடம் பேசினார்கள். இரண்டாவது பத்தொன்பது. மூன்றாவது நாற்பத்து நாலு. நான்காவது ஒரு மணி பத்து நிமிடம். கடைசியில் வைக்க மனமில்லாமல், அங்கே இன்று என்ன குழம்பு என்று என்னைக்கூடக் கேட்டாள். நேரத்தையெல்லாம் ஒழுங்காகக் குறித்துவைத்தேன். அதில் என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

அந்த நான்காவது ஞாயிறுதான் நோக்குநிலை. இது படர்க்கையில், எல்லாம் அறிந்த கதைசொல்லி சொல்வதாக அமைந்த கதை என்று மகள் விளக்கினாள். இவர் மாடத்திலிருந்து போனைக் கையில் எடுத்தார்.

"இரும்மா. அந்த மனுசன் வாயத் தெறந்து 'போய்ட்டு வரேன்'னு சொல்றது இவனுக்கு எப்படித் தெரியும்?"

"கதைசொல்லிக்கு எல்லாம் தெரியும்பா."

"அப்ப பக்கத்துலயே நின்னுகினு கீறான். பதினோரு வருசமா நிக்கிறான், நாற்காலிய எண்ணிகினு, கடிகாரத்தக் கேட்டுகினு. ஒரு நாள் 'சரி, போய்ட்டு வா'ன்னு சொல்லல. காலியா கெடக்குற நாற்காலில ஒரு நாள் குந்தல. இவன் வூடு பூந்து வேடிக்க பாத்துட்டு, அந்தாளு தனியா கீறான்னு ஊருக்கெல்லாம் சொல்லிகினு திரியிறான். இவன்லாம் மனுசனா?"

மறுமுனையில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. இதை நோட்ஸில் சேர்க்க முடியாது, ஆனால் பதிலும் சொல்ல முடியவில்லை என்று அவள் ஒப்புக்கொண்டாள். நேரில் வந்து ரிப்போர்ட்டைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வதாகவும், பெட்டி கட்டத் தயாராக இருக்கும்படியும் சொல்லி வைத்தாள்.

சித்திரை முதல் வெள்ளிக்கிழமை காலை வந்தாள். இவர் கடைசிச் சோதனையை அவளுக்காகவே வைத்திருந்தார். பாத்திரம். கதையின் குமாஸ்தாவாக அவளே இருந்து பார்க்க வேண்டும். சனிக்கிழமை காலை வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு, முகத்துவாரக்குப்பத்தில் கூட்டாளி ஒருவரைப் பார்க்கப் போனார். மாலைவரை அவள் அந்த வீட்டில் தனியாக இருக்க வேண்டும். முடிந்தால்.

யார் யார் வந்தார்கள் என்று மாடிப்படியில் உட்கார்ந்து குறிப்பது என் வேலை. பத்து மணிக்குள் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. இட்லிக்கார அம்மா, கேன்காரர், பக்கத்து வீட்டு மாமியார், சிவப்பு நாற்காலியைத் தேடிவந்த பந்தல் கடைக்காரர், அவள் பள்ளித் தோழிகள் இரண்டு பேர், அவர்களுடைய பிள்ளைகள். மதியத்துக்கு மேல் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன், ஆட்கள் வந்த மாதிரி திரும்பிப் போகவில்லை. வீட்டுக்குள் இடமில்லாமல் வாசலில் பாய் போட்டு, இறால் உரித்துக்கொண்டே பேசினார்கள். அதில் பாதிக்கு மேல் அவள் குரல்தான். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அச்சகத்துக்காரர் எப்படி நடப்பார், மூன்றாவது மாடி அசோசியேஷன் செயலாளர் எப்படிச் சுற்றறிக்கை ஒட்டுவார் என்று ஒவ்வொருவராக நடித்துக் காட்டினாள். தெரு சிரித்தது.

ஆறு மணிக்கு இவர் திரும்பினார். தெருமுனையிலேயே சிரிப்பு கேட்டிருக்க வேண்டும். வெற்றி நடையோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்பவேண்டியவள், செவ்வாய்க்கிழமை வரை இருக்கட்டுமா என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை, வெள்ளி வரை என்றாள்.

புதன்கிழமை காலை அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. குரலே வரவில்லை. இவர் பாலில் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தார். நான் ரிப்போர்ட்டைப் படி எடுத்துக்கொண்டிருந்தேன். நான்கு சோதனையிலும் கதை தோற்றிருந்தது. ஐந்தாவதைச் சொல்லவே வேண்டாம். இவர் முகம் பூரித்திருந்தது.

"இன்னாம்மா, நாலு நாளு பேசுனதுக்கே இப்டி பூட்டிக்கிச்சே. அங்க யாராண்டயும் பேசவே மாட்டியா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டார்.

அவள் பாலை ஒரு வாய் குடித்துவிட்டு, காற்றாக வந்த குரலில், சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"ஏன், ஞாயித்துக்கிழமை உங்ககூடப் பேசுறேனே."

 இவர் டம்ளரின் அடியை வேட்டி நுனியால் துடைத்தார், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு எழுந்து வாசலுக்குப் போய், இட்லிக்கார அம்மா கூப்பிட்டதற்கும் திரும்பாமல் நின்றார்.

பதினொரு மணிக்கு மாடிக்கு வந்தார். என் கையிலிருந்த ரிப்போர்ட்டை வாங்கி இரண்டாகக் கிழித்தார். புதிதாக ஒரு தாள் எடுக்கச் சொன்னார்.

"எழுது. கதை பாஸு."

எழுதவில்லை நான். நான்கு வாரச் சோதனை, அத்தனைக்கும் கிழமையும் நேரமும் இருக்கிறது, எல்லாவற்றிலும் கதை விழுந்திருக்கிறது என்றேன்.

"விழுந்துச்சி. ஆனா நான் வேற சங்கிலியத் தொங்கவுட்டுகினு கீறேன் நைனா. கம்ப்ளெயின்ட்டு வந்தா, குடுத்தவன் யாரு, எங்கருந்து குடுத்தான்னு மொதல்ல போய்ப் பாக்கணும். முப்பது வருசம் அதத்தான் பண்ணேன். சொந்தப் பொண்ணு குடுத்தப்ப பாக்கல."

"அப்படின்னா அவகிட்டயே சொல்லலாமே அண்ணே."

"இன்னான்னு? நீதாம்மா தனியா கீறன்னா? அவ நோட்ஸ் எழுதுனவ. எனக்கு ஒன்னுமில்லப்பான்னு ரெண்டு பக்கத்துக்குச் சொல்லுவா. என்னையும் கூப்டமாட்டா." பேனாவை என் பக்கம் தள்ளினார். "எழுது. அந்தக் குமாஸ்தா மாரியே நானும் தனியாத்தான் கீறேன். சாயங்காலம் ஆனா பேஜாரா கீது. பேச ஆளில்ல. மவ கூட இருந்தா தேவல. எழுது நைனா."

அந்த வாக்கியங்களை அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது கீழிருந்து மூன்று பேர் அவரைக் கூப்பிட்டார்கள். நான் எழுதினேன். என் கையெழுத்தில் இருக்கும் ஒரே பொய்ச் சான்று அதுதான். கீழே அவர் கையெழுத்துப் போட்டார், அவசரமில்லாமல், முழுப் பெயரோடு.

மகள் அதை இரண்டு முறை படித்தாள். படித்துவிட்டு, குரல் இல்லாத தொண்டையை வைத்துக்கொண்டு, அவரை அரை மணி நேரம் திட்டினாள். மூன்று வருடமாக நான் சொன்னது இதைத்தானே, இத்தனை ஆட்டம் எதற்கு, ஒரு கதையைப் புரிந்துகொள்ள நாலு வாரமா, எத்தனை வீம்பு, என்றெல்லாம். இவர் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம்மா, தப்புதாம்மா என்று ஒவ்வொன்றுக்கும் ஒப்புக்கொண்டார். நடுவில் ஒருமுறை அவள் தண்ணீர் குடிக்கத் திரும்பியபோது, வாயைத் திறக்காதே என்று எனக்குக் கண்ணால் சொன்னார். என்னால் முகத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை. தரையைப் பார்த்தேன்.

அடுத்த திங்கட்கிழமை இரவு இருவருக்கும் கோயம்புத்தூர் ரயில். பாதித் தெரு சென்ட்ரல்வரை வந்தது. இட்லிக்கார அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். பெட்டிகளை ஏற்றிவிட்டு நான் ஜன்னலருகில் போய் நின்றேன். மகளுக்குக் குரல் அன்றைக்கும் பாதிதான் திரும்பியிருந்தது. ஆனாலும் அவள் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தாள், இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு. ரயில் நகர ஆரம்பித்தபோது அவர் தன் காதை அவள் வாயருகே கொண்டுபோய், முகத்தைச் சுளித்து, கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கையாட்ட மறந்துவிட்டார்.